மலையில் ரெண்டு ஏக்கர் கிடைக்குமா சார்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மேல் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், எடுக்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். காலையில் வத்தல்மலைக்குப் போயிருப்பார்கள். கொமத்தம்பட்டி தாண்டி இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, பனியில் நின்று போட்டோ எடுத்து, பெரியூர் பக்கம் காபிச் செடியையும் மிளகுக் கொடியையும் பார்த்திருப்பார்கள். இறங்கி வந்து தருமபுரியில் சாப்பிட்டு முடித்ததும் யாரோ என் நம்பரைக் கொடுத்திருப்பார்கள்.

"சார், மலையில ஒரு ரெண்டு ஏக்கர் கிடைக்குமா? சின்னதா ஒரு வீடு போட்டுக்கலாம்னு பார்க்கறோம்."

ஓசூரிலிருந்து கேட்பார்கள், சேலத்திலிருந்து கேட்பார்கள், பெங்களூரிலிருந்து தெலுங்கு கலந்த தமிழில் கேட்பார்கள். எல்லோருக்கும் நான் சொல்கிற பதில் ஒன்றுதான். "மலையில நான் நிலம் முடிச்சுத் தர்றதில்லைங்க. கீழே வேணும்னா பார்க்கலாம்."

தருமபுரியில் இருபத்தைந்து வருடமாக நிலத் தரகு செய்கிறேன். வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிற தரகனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். 'ரேட் ஏத்தறதுக்காக பிகு பண்றாரு' என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் என்னை விட்டுவிட்டு நேராக மலைக்கே போய், டீக்கடையில் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அது 2015. அதற்குப் பல வருடம் முன்பு மலைக்கு ஒழுங்கான சாலை கிடையாது. உடம்பு சரியில்லாதவர்களைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய கதைகளை மலையில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாலை வந்ததும் முதலில் ஜீப் ஏறியது, அப்புறம் மினி டெம்போ, அப்புறம் கார். காரோடு சேர்ந்து என்னைப் போன்றவர்களும் ஏறினோம்.

சேலம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். ஏற்காட்டில் விலை கேட்டு மலைத்துப்போய் இங்கே வந்திருந்தார். "இதுவும் இன்னும் பத்து வருஷத்துல ஏற்காடு மாதிரி ஆயிடும், இல்லீங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். இன்றைக்கு யாராவது அதே கேள்வியைக் கேட்டால் தலையாட்ட மாட்டேன். ஏற்காடு வேறு. அங்கே 1820-களிலேயே சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்துவிட்டார். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் காலத்திலிருந்தே எஸ்டேட்டுகளுக்குப் பத்திரம் மேல் பத்திரம் இருக்கிறது. வத்தல்மலையில் நிலம் கைமாறியதே அப்பனிடமிருந்து மகனுக்குத்தான். அதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

மலையில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். சாமை, கேழ்வரகு, கொஞ்சம் காபி. ஆசிரியரை அவர் நிலத்துக்கு அழைத்துப்போனேன். மொத்தம் மூன்று ஏக்கர் என்றார். ஒரு ஏக்கர் வீட்டை ஒட்டி. மீதி இரண்டு ஏக்கர் கொஞ்சம் தள்ளி, சரிவில். அந்தச் சரிவின் விளிம்பில் நின்றால் கீழே தருமபுரி சமவெளி முழுக்கத் தெரியும். டிசம்பர் மாதம், காலை எட்டு மணி. பனி விலக விலக ஏரிகள் ஒவ்வொன்றாகப் பளபளத்தன. ஆசிரியர் பேசவே இல்லை. அப்போதே வியாபாரம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு ஏக்கர்தான் வேண்டும் என்றார்.

"பேப்பர் இருக்குதுங்களா?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் இருக்குது சாமி. எங்க அப்பன் காலத்துலேர்ந்து கட்டிக்கிட்டு வர்றோம்."

ஒரு பழைய தகரப் பெட்டியிலிருந்து மஞ்சள் பையை எடுத்து வந்தார். உள்ளே ஒரு கத்தை ரசீது. சில காகிதங்கள் மடிப்பில் கிழிந்து, பிளாஸ்டிக் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. மேலாகப் புரட்டினேன். வருவாய்த் துறை முத்திரை, பெரியவரின் அப்பா பெயர், சர்வே எண். கீழே வந்து அந்த எண்ணை வைத்து வில்லங்கம் போட்டேன். முப்பது வருடத்துக்கு ஒரு பதிவும் இல்லை. 'வில்லங்கம் இல்லை' என்றுதான் வந்தது. ஆசிரியர் சந்தோஷப்பட்டார், நானும்தான்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதி, பெரியவரிடம் மூன்று லட்சம் முன்பணம் கொடுத்தோம். என் கமிஷனில் கொஞ்சத்தை ஆசிரியர் அங்கேயே கொடுத்துவிட்டார். பெரியவரின் மனைவி எல்லோருக்கும் கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தது.

கிரயத்துக்கு முன்னால் நிலத்தை அளந்து காட்டச் சொல்லி ஆசிரியர் கேட்டார். அதற்காகத்தான் கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். அவர் அந்தக் கத்தையை இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தரகரே, இது என்னன்னு தெரியுமா, தெரியாதா?"

அந்த இரண்டு ஏக்கருக்கு இருந்தவை பட்டாவும் இல்லை, கந்தாய ரசீதும் இல்லை. பி-மெமோ. அரசுப் புறம்போக்கை ஒருவர் உழுதுகொண்டிருந்தால், அதற்கு அபராதம் விதித்து வருவாய்த் துறை கொடுக்கிற காகிதம். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி கொடுப்பது. 'இந்த நிலம் உன்னுடையது இல்லை' என்று சொல்கிற காகிதத்தைத்தான் அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறையாக, நிலத்துக்குச் சாட்சி என்று தகரப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சர்க்காரிடம் பணம் கட்டினால், சர்க்கார் ரசீது கொடுத்தால், நிலம் நம்முடையது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். படித்தேன், ஆனால் மேலாக.

வில்லங்கச் சான்று சுத்தமாக வந்ததே, அது எப்படி? இதைத்தான் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வில்லங்கச் சான்று என்பது பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவான கொடுக்கல் வாங்கலைக் காட்டும். பதிவே நடக்காத நிலத்துக்கு அது வெறுமையாகத்தான் வரும். மலை நிலத்தை யாரும் பதிவு செய்து விற்றதில்லை, அடமானம் வைத்ததில்லை. அரசுப் புறம்போக்கையும் யாரும் பதிவு செய்து விற்றதில்லை. இரண்டுக்குமே 'வில்லங்கம் இல்லை' என்றுதான் வரும். ஏரிக்குப் போட்டுப் பார்த்தாலும் அப்படித்தான் வரும். வெறுமையான வில்லங்கச் சான்றைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சமவெளியில் அது நல்ல சகுனமாக இருக்கலாம், மலையில் அது ஒரு தகவலே இல்லை.

பார்க்க வேண்டியது அ-பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணும் உட்பிரிவும் பட்டா நிலமா, அரசு நிலமா, புறம்போக்கு என்றால் என்ன வகை, விஸ்தீரணம் எவ்வளவு என்று அதில்தான் இருக்கும். அந்தக் காலத்தில் இதற்குக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போக வேண்டும். இப்போது தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டாவும் அ-பதிவேடும் உங்கள் போனிலேயே வந்துவிடும். புலப்படத்தையும் எடுக்கலாம். வில்லங்கத்தைப் பதிவுத் துறை தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மலையில் செல்ஃபி எடுக்கிற அதே போன்தான். செல்ஃபியை நூறு பேருக்கு அனுப்புகிறவர்கள், அ-பதிவேட்டை ஒரு தடவை எடுத்துப் பார்ப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்பட்டது நியாயம். பணத்தைத் திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயம். மலைக்குப் போனேன். பணம் இல்லை. மூன்று லட்சத்தில் பாதி, பெரியவரின் மனைவிக்கு கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போயிருந்தது. கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்த அன்றைக்கு அந்த அம்மாவுக்கு அவ்வளவு வலி இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. மீதியில் அடகு நகை மீட்டு, ஒரு வியாபாரியின் பழைய கடனை அடைத்திருந்தார்கள்.

"நிலத்தை எடுத்துக்குங்க சாமி, நாங்க வேண்டாங்கலையே" என்றார் பெரியவர். நிலத்தைக் கொடுக்க அவரால் முடியாது என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. புரிந்த பிறகு அவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "அப்போ இத்தனை வருஷமா நாங்க யாரு நிலத்துல இருந்தோம்?"

ஒப்பந்தத்தை வைத்துக் கோர்ட்டுக்குப் போகலாமா என்று ஆசிரியர் ஒரு வக்கீலிடம் கேட்டார். அதிலும் நான் கோட்டை விட்டிருந்தேன். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். சட்டம் வந்து மூன்று வருடம் ஆகியும், பழைய பழக்கத்தில் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தேன். முறையாகப் பதிவு செய்யப் போயிருந்தால், அங்கேயே பட்டா எங்கே என்று கேட்டிருப்பார்கள். கூத்து அன்றைக்கே முடிந்திருக்கும், மூன்று லட்சமும் கைமாறியிருக்காது. இன்றைக்கும் 'நமக்குள்ள என்னங்க, ஒரு பேப்பர்ல எழுதிக்கலாம்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்துவிடுங்கள். சொல்கிறவர் தரகராக இருந்தால் முதலில் எழுந்திருங்கள்.

பெரியவர் இரண்டு மாடுகளை விற்றார். அடுத்த இரண்டு வருட மிளகு, விளைவதற்கு முன்பே வியாபாரிக்குப் போனது. என் பங்குக்கு நானும் கொஞ்சம் போட்டேன், கமிஷனையும் திருப்பிக் கொடுத்தேன். இரண்டரை வருடத்தில் ஆசிரியருக்குப் பணம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அவர் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. மலையில் அந்தப் பெரியவர் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்கு அப்புறம்தான் மலை நிலத்தைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டும்.

வத்தல்மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைக்காதீர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்ற அர்த்தத்தில் வந்த பெயர். தருமபுரி மாவட்டத்தில் அவர்கள் அட்டவணைப் பழங்குடியினர். ஆந்திராவில் மலைப் பகுதிகளில் பழங்குடியினர் நிலத்தை வெளியார் வாங்க முடியாதபடி '1/70' என்று ஊருக்கே தெரிந்த ஒரு சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படிப் பட்டவர்த்தனமான தனிச் சட்டம் இல்லை. அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதியும் இங்கே கிடையாது. அதனால் 'ஒரு தடையும் இல்ல சார்' என்று உங்களிடம் சொல்கிறவர்கள் இருப்பார்கள். தடை இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் எழுதி இல்லை. வருவாய்த் துறையின் நிலை ஆணைகளில் கொஞ்சம், பட்டாவின் நிபந்தனைகளில் கொஞ்சம், வனச் சட்டத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது.

அரசு ஒப்படை செய்த நிலம் என்றால், ஒப்படை ஆணையில் நிபந்தனை இருக்கும். இத்தனை வருடம் விற்கக் கூடாது, இன்னாருக்குத்தான் விற்கலாம் என்று. 'கண்டிஷன் பட்டா' என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நிபந்தனையை மீறி வாங்கினால் அரசு அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் கொடுத்த பணத்துக்கு அரசு பொறுப்பில்லை. பட்டா நகலைப் பார்த்தால் மட்டும் இது எப்போதும் தெரியாது. வட்டாட்சியர் அலுவலகத்தில், 'இந்த நிலம் எப்படி இவருக்கு வந்தது' என்று மூலத்தைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று வன உரிமைப் பட்டா. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிர் செய்துவந்த பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் இருக்கிற அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கொடுக்கிறார்கள். கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் யாருக்கும் விற்க முடியாது, மாற்றிக் கொடுக்க முடியாது. சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. அதில் பெரிய அதிகாரிகளின் கையெழுத்தும் சீலும் இருப்பதால் பார்க்க பிரமாதமாக இருக்கும். ஒருவர் அதை என்னிடம் காட்டி, "கலெக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு பாருங்க, இதைவிட என்ன வேணும்?" என்றார். கையெழுத்துப் போட்டது விற்கக் கூடாது என்று சொல்லித்தான்.

சரி, நிபந்தனை இல்லாத, சுத்தமான பட்டா நிலமே என்று வைத்துக்கொள்வோம். அப்போது வருவது பெயர்ப் பிரச்சினை. மலையில் பல பட்டாக்கள் இன்னும் தாத்தா பெயரில், கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கின்றன. தாத்தா இறந்ததைப் பதிவு செய்யவில்லை. இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று கிடைக்காது. ஒரு வருடத்துக்கு மேல் பதியாமல் விட்ட இறப்பைப் பதிய வேண்டுமென்றால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அண்ணன் தம்பிகள் வாயால் பேசி, கல் நட்டுப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கல் அவர்களுக்குத் தெரியும், புலப்படத்துக்குத் தெரியாது.

அக்கா தங்கைகள் விஷயம் இன்னும் நுட்பம். இந்து வாரிசுரிமைச் சட்டம், அட்டவணைப் பழங்குடியினருக்கு நேரடியாகப் பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதனால் 'எங்க ஆளுங்கள்ல பொம்பளைங்களுக்குப் பங்கு இல்லீங்க' என்று ஆண்கள் முடித்துவிடுவார்கள். அதை நம்பி வாங்கியவர்கள் கோர்ட்டில் நிற்கிறார்கள். 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் கோண்டு பழங்குடிக் குடும்பம் ஒன்றின் வழக்கில், பெண் என்பதற்காகப் பங்கை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் எந்தப் பக்கம் போனாலும், என் வழக்கம் ஒன்றுதான்: கட்டிக்கொடுத்துப் போன பெண்கள் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போடாமல் ஒரு ரூபாய் கைமாறக் கூடாது. இது மலைக்கு மட்டும் இல்லை, பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இதேதான்.

பவர் பத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'கிரயம் பண்ண முடியாது, ஆனா பவர் எழுதிக்கலாம், அனுபவிச்சுக்குங்க' என்று ஒரு வழி சொல்வார்கள். பவர் பத்திரம் மூலம் நிலத்தின் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் செத்துவிடும். அதை நம்பி அதன் மேல் வீடு கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இத்தனையும் மீறி ஆசை விடவில்லை என்றால், ஒரு யோசனை. டிசம்பரில் போகாதீர்கள். ஏப்ரல் கடைசியில், மதியம் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் எத்தனை குடம், எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்து வருகிறார்கள் என்று கேளுங்கள். கார் நிறுத்திய இடத்திலிருந்து நிலம் வரைக்கும் நடந்த பாதை யாருடையது என்றும் கேளுங்கள். அந்தப் பாதை இன்னொருவர் காபித் தோட்டமாக இருக்கும். அவர் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே வழி விடுவார், செங்கல் லாரி போக வழி விடுவாரா? அப்புறம் காப்புக்காட்டு எல்லைக் கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வீடு கட்டுவதென்றால், அந்தக் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் வருகிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். பட்டியலில் உள்ள கிராமத்தில் ஊராட்சி அனுமதி மட்டும் போதாது.

2021 செப்டம்பர் கடைசியில் முதலமைச்சர் ஸ்டாலின் வத்தல்மலைக்கு வந்து மக்களைச் சந்தித்தார். 2022-இல் அரசுப் பேருந்து மலை ஏறியது. பஸ் வந்த அன்றைக்கு மலையில் திருவிழா மாதிரி என்று சொன்னார்கள், அது மலைக்காரர்களுக்கு. அடிவாரத்தில் எங்கள் ஆட்களுக்கு அது வேறு திருவிழா. தருமபுரியிலிருந்து மலை தெரிகிற இடமெல்லாம் 'ஹில் வியூ' ஆனது. தென்னந்தோப்பை அழித்து, செம்மண் ரோடு போட்டு, வண்ணக் கல் நட்டார்கள். தடங்கம் பக்கம் சிப்காட் வருகிறது என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

கீழே வாங்கலாம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் கணக்கு உண்டு. மனைப்பிரிவுக்கு டிடிசிபி ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டபோது எங்கள் தொழிலே படுத்துவிட்டது. அந்த வருட தீபாவளிக்கு நான் வீட்டில் பட்டாசு வாங்கவில்லை. ஆனாலும் அந்தத் தடை நல்லது என்று இன்றைக்குச் சொல்வேன். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தைப் பிரித்து மனையாக விற்றால் ரெரா பதிவு வேண்டும். அப்படிப்பட்ட மனையை விற்றுக்கொடுக்கிற தரகரும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். என்னையும் சேர்த்து, பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் சுளிக்கிறவரிடம் வியாபாரம் வேண்டாம். ஒப்பந்தம் பதிவு செய்யாமல், அந்த விற்பனையாளர் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் ரெரா சட்டம்தான்.

செலவுக் கணக்கில் ஒன்று மறந்துவிடுவார்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். வீட்டுப் பெண்கள் பெயரில் 10 லட்சம் மதிப்பு வரை பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இதைச் சொன்னால் கணவன்மார்கள் யோசிக்கிறார்கள், மனைவிமார்கள் உடனே ஆதார் கார்டை எடுக்கிறார்கள்.

மலையில் ஒரு நாள் பனியில் எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அதற்கு நிலம் வாங்க வேண்டியதில்லை. அங்கே தங்க இடம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மலைக்காரர்கள் வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரையும் சொல்லிவைத்துச் சாப்பிடலாம். காபிக்கொட்டையும் மிளகும் தேனும் அவர்களிடமே வாங்கி வரலாம். வருடத்துக்கு நான்கு தடவை போய்வந்தால்கூட ஒரு சென்ட் நிலத்தின் விலை ஆகாது. இப்படிச் சொன்னால், "தரகரே, நீங்க பொழைக்க மாட்டீங்க" என்கிறார்கள்.

போன வருடம் ஒரு நாள் மலையிலிருந்து போன். அந்தப் பெரியவரின் பேரன். தருமபுரியில் கல்லூரி முடித்த பையன். பெரியவர் இறந்துவிட்டார் என்றான். எனக்குத் தெரிந்திருந்தது, சாவுக்குப் போய் வந்திருந்தேன்.

"தாத்தா பேர்லகூட இல்லீங்க, அவங்க அப்பா பேர்லயே கிடக்குது பட்டா. வீட்டை ஒட்டி இருக்கற அந்த ஒரு ஏக்கரு. அதை எங்க பேருக்கு மாத்தணும். எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல. தாத்தா உங்களைக் கேக்கச் சொல்லியிருந்தாரு."

விற்கவா என்று கேட்டேன். இல்லை என்றான். பட்டா பெயரில் இருந்தால்தான் பயிர்க் கடன் கிடைக்கிறதாம். வெயில் ஏறிக் காபி காய்ந்த வருடம் நிவாரணம் கேட்கப் போனபோதும் பட்டாவைத்தான் கேட்டார்களாம்.

எட்டு மாதம் ஆனது. கொள்ளுத்தாத்தாவின் இறப்பைப் பதியக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான்கு நடை. சாட்சி சொல்ல மலையிலிருந்து இரண்டு கிழவர்களைப் பஸ்ஸில் அழைத்து வந்தோம். அதில் ஒருவர் பஸ்ஸில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இறங்கியிருக்கிறார். எல்லா வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு வாரிசுச் சான்று. அதில் பெரியவரின் தங்கை பெயரும் வந்தது. வேறு ஊரில் கட்டிக்கொடுத்த எழுபது வயது அம்மா. ஆண்களில் ஒருவர், "அத்தை பேரு எதுக்குங்க?" என்று கேட்டார். அந்தப் பையன்தான், "இருக்கட்டும் சித்தப்பா" என்றான்.

அந்தச் சரிவு இரண்டு ஏக்கருக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது வருவாய்ப் புறம்போக்கா, வன நிலமா என்பதைப் பொறுத்து எந்தச் சட்டத்தில் கேட்பது என்று முடிவாகும். கிடைத்தாலும் கிடைக்கலாம். கிடைத்தால் அவர்களால் விற்க முடியாத நிலமாகத்தான் கிடைக்கும்.

ஒரு ஏக்கரை அளக்க சர்வேயர் வந்த அன்று நானும் போயிருந்தேன். பழைய எல்லைக் கல் ஒன்று மட்டும் அகப்படவே இல்லை. புலப்படத்தில் இருக்கிறது, நிலத்தில் இல்லை. ஆளாளுக்கு மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். தங்கை அம்மா மட்டும் பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய், காபிச் செடிகளுக்கு நடுவில் ஓரிடத்தில் காலால் தட்டியது.

"இங்க கொத்துங்கடா. சின்ன வயசுல இதும்மேல உக்காந்துதான் நாங்க மாடு பார்ப்போம்."

அரை அடி ஆழத்தில் கல் இருந்தது.